படம் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்: வீட்டுச் சுவருக்கு ஓவியம் தேர்ந்தெடுத்து மாட்டும் முழுமையான வழிகாட்டி

வீட்டில் படம் மாட்டுவதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு ஒன்றுதான்: ரொம்ப உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். கதவு நிலையின் மேல்விளிம்புக்குச் சமமாக, சில வீடுகளில் அதற்கும் மேலே, தலைக்கும் கூரைக்கும் நடுவில் எங்கேயோ ஓர் ஓவியம் தொங்கும். ஆசைப்பட்டு வாங்கிய நல்ல ஓவியமாகத்தான் இருக்கும், ஆனால் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பதால் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, கொஞ்ச நாளில் அது அங்கே இருப்பதே மறந்துபோகும்.

அதனால் சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இந்தப் படத்தை யார், எந்த இடத்தில் உட்கார்ந்து அல்லது நின்று பார்க்கப் போகிறார்கள்? எந்தச் சுவர், என்ன அளவு, எவ்வளவு உயரம், என்ன வெளிச்சம் எல்லாமே அந்தக் கண்ணிலிருந்து அளந்து வருபவைதான்.

சுவரைத் தேர்ந்தெடுப்பது

காலையில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். தலையைத் திருப்பாமல் எந்தச் சுவர் தெரிகிறதோ அதுதான் உங்கள் முதல் சுவர். வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரே தெரியும் சுவர், நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கும் சின்னச் சுவர், படுக்கையிலிருந்து விழித்ததும் கண்ணில் படும் சுவர் என்று இன்னும் இரண்டு மூன்று கிடைக்கும். இவ்வளவு போதும். எல்லாச் சுவரையும் நிரப்ப வேண்டியதில்லை, ஒரு சுவராவது வெறுமையாக இருந்தால்தான் கண் அங்கே போய் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி படத்துக்கு வரும்.

அடுத்து அந்தச் சுவரை ஒரு முழு நாள் கவனியுங்கள். நேர் வெயில் விழுகிறதா, எத்தனை மணி நேரம்? இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வீட்டில் ஒரு நீர்வண்ண ஓவியம் மாலை வெயில் படும் சுவரில் சில வருடங்கள் தொங்கியது. ஒருநாள் சட்டத்திலிருந்து எடுத்தபோது, மவுண்ட் அட்டைக்கு (சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) அடியில் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் ஒரு விரல்கடை அகலத்துக்கு அடர்ந்த ஊதா நிறம் அப்படியே இருந்தது, வெளியே தெரிந்த வானம் முழுக்க வெளுத்த சாம்பல். இத்தனை நாளும் அதுதான் அந்த வானத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தால் போன நிறம் திரும்பி வராது, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும் சேதம். கண்ணாடி போட்டிருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும்.

வெயிலுக்கு அடுத்தபடி ஈரம். மழை அடிக்கும் வெளிப்புறச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், வண்ணம் உப்பிப் பொரிந்திருக்கும் சுவர் ஆகியவற்றில் காகிதத்தில் வரைந்த எதையும் மாட்டாதீர்கள். பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சையும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்கும், முன்னால் தெரியும்போது தாமதமாகியிருக்கும். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரும் வேண்டாம், எண்ணெய்ப் புகை படிந்தால் துடைத்து எடுக்க முடியாது.

எந்தப் படம்?

சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகப் படம் தேடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சோபா மாறும், திரைச்சீலை மாறும், சுவர் வண்ணமும் மாறும். இவற்றையெல்லாம் தாண்டி உங்களோடு இருக்கப்போவது படம். நிறப் பொருத்தம் வேண்டுமென்றால் படத்தில் இருக்கும் ஒரு சின்ன நிறத்தை எடுத்து தலையணை உறையில் கொண்டுவாருங்கள், அது சுலபம்.

ஒரு படம் பிடித்திருக்கிறதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி அதோடு கொஞ்ச நாள் இருந்து பார்ப்பதுதான். கைபேசியில் அதன் படத்தை முகப்புத் திரையாக வைத்து இரண்டு வாரம் பாருங்கள், அல்லது சாதாரணத் தாளில் அச்செடுத்து சுவரில் ஒட்டிப் பாருங்கள். மூன்றாம் நாளே அலுத்துவிடும் படங்கள் உண்டு, முதலில் ஒன்றும் தோன்றாமல் பத்தாம் நாள் நின்று பார்க்க வைக்கும் படங்களும் உண்டு. இரண்டாவது வகையை வாங்குங்கள்.

விலை உயர்ந்த அசல் ஓவியம்தான் வேண்டும் என்பதில்லை. நல்ல அச்சுப் பிரதி, கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பழைய வரைபடம், நெய்த துணி, குழந்தை வரைந்த படம் எதுவும் சட்டம் போட்டு சரியான உயரத்தில் மாட்டினால் நிற்கும். அச்சுப் பிரதி வாங்கினால் மட்டும் மை என்ன வகை என்று கேளுங்கள், சாய மையைவிட நிறமி மை வெகுகாலம் மங்காமல் இருக்கும். நீங்களே கோப்பிலிருந்து அச்சிடுவதாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வருகிறதா என்று பாருங்கள். ஏ3 தாளுக்கு (29.7 × 42 செ.மீ.) அது ஏறக்குறைய 3500க்கு 4960 பிக்சல். பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்ப்போம் என்பதால் அங்கே 150 புள்ளிகள்கூடப் போதும்.

அளவு

சோபா, கட்டில், மேசை போன்றவற்றுக்கு மேலே மாட்டும் படம் அந்தப் பொருளின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 180 செ.மீ. சோபா என்றால் சுமார் 120 செ.மீ. ஒரே படம் அவ்வளவு அகலம் இல்லையென்றால் இரண்டு மூன்றைச் சேர்த்து அந்த அகலத்தைக் கொண்டுவரலாம். நீண்ட சோபாவுக்கு மேலே நடுவில் ஒற்றை ஏ4 படம் தொங்கினால் அது தொலைந்துபோன தபால்தலை போலத் தெரியும்.

அதற்காகச் சின்னப் படத்துக்கு இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மோனாலிசா 77க்கு 53 செ.மீ. தான், அதே அறையில் எதிர்ச்சுவரில் கிட்டத்தட்ட 10 மீட்டர் அகல ஓவியம் இருந்தும் கூட்டம் இதன் முன்னால்தான் நிற்கிறது. சின்னப் படத்தை அருகில் போய்ப் பார்க்க முடிகிற இடத்தில் வையுங்கள்: மேசைக்கு முன்னால், கதவுக்கும் மூலைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சுவரில், படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில். அகலமான மவுண்ட் அட்டை போட்டாலும் பார்வைக்கு அதன் கனம் கூடும், உள்ளங்கை அளவுப் படத்தைச் சுற்றி 8, 10 செ.மீ. வெள்ளை விட்டுப் பாருங்கள், தெரியும்.

அளவில் சந்தேகம் இருந்தால் செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கு வெட்டி, வண்ணத்தைப் பிய்க்காத மாஸ்க்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் தேவைப்படும்.

சட்டமும் கண்ணாடியும்

கேன்வாஸில் வரைந்த எண்ணெய் வண்ண, அக்ரிலிக் ஓவியங்களுக்குக் கண்ணாடி வேண்டாம். காகிதத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் வேண்டும், ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் சேரும்போது புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். அந்த இடைவெளியைத் தருவதுதான் மவுண்ட் அட்டையின் உண்மையான வேலை, அழகு அதற்கப்புறம். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டை சில வருடத்தில் படத்தின் ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். படத்தை அட்டையில் செல்லோடேப்பாலோ பசையாலோ ஒட்டச் சொல்லாதீர்கள், மேலே இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய காகிதப் பட்டையால் மாவுப் பசை கொண்டு தொங்கவிட்டால் போதும்.

படம் பெரிதென்றால் எடையையும் யோசிக்க வேண்டும். 2 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும், அதே தடிமன் அக்ரிலிக் ஷீட் அதில் பாதிகூட இல்லை, விழுந்தாலும் நொறுங்காது. குழந்தைகள் அறைக்கும் கட்டிலுக்கு மேலேயும் அக்ரிலிக்கே நல்லது. கரித்துண்டு, பாஸ்டல் ஓவியத்துக்கு மட்டும் அது ஆகாது, நிலைமின்னூட்டம் தூளை இழுத்துக்கொள்ளும்.

உயரம்: இங்கேதான் எல்லாம்

படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். மேல்விளிம்பும் இல்லை, ஆணியும் இல்லை, படத்தின் நடுப்புள்ளி. நிற்கும் ஒருவரின் சராசரிக் கண்மட்டத்தை ஒட்டிப் பல அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் இந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. வீட்டில் நாம் உட்கார்ந்தே அதிகம் பார்க்கிறோம், அதனால் உட்காரும் அறையில் இன்னும் 5, 10 செ.மீ. இறக்கினாலும் தப்பில்லை. முதல்முறை மாட்டியதும் ‘ஐயோ, ரொம்பக் கீழே போய்விட்டதே’ என்று தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள், அது பழைய பழக்கம் பேசுகிறது.

உயரம் ஓவியர்களுக்கே மானப் பிரச்சினையாக இருந்த விஷயம்தான். லண்டனின் ராயல் அகாடமி என்ற கலை அமைப்பின் கண்காட்சியில் அந்தக் காலத்தில் சுவர் முழுக்கக் கூரை வரை படங்களை அடுக்கி மாட்டுவார்கள். ஆங்கில ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ, தான் வரைந்த மூன்று இளவரசிகளின் ஓவியத்தைத் தான் கேட்ட உயரத்துக்குக் கீழே இறக்க அகாடமி மறுத்ததால் 1784-இல் தன் படங்கள் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டார், அதன்பிறகு அங்கே காட்சிக்கு வைக்கவே இல்லை. மெல்லிய தூரிகை வேலை உயரத்தில் போனால் தெரியாமல் போகும் என்பது அவர் வாதம். உங்கள் வீட்டுப் படத்துக்கும் அதே நியாயம்தான்.

சோபாவுக்கு மேலே என்றால் 145 விதியை ஒதுக்கிவிட்டு, சோபாவின் முதுகிலிருந்து படத்தின் கீழ்விளிம்பு வரை 15 முதல் 25 செ.மீ. என்று வையுங்கள். அதற்கு மேல் போனால் படமும் சோபாவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். படிக்கட்டுச் சுவரில் ஒவ்வொரு படிக்கும் மேலே அதே 145 செ.மீ. அளந்து புள்ளி வைத்தால் படங்களின் மையங்கள் படிகளோடு சேர்ந்து சாய்வாக ஏறும்.

இப்போது ஆணி எங்கே வரும் என்ற கணக்கு. பலர் தடுமாறும் இடம் இதுதான், ஆனால் ஒரே வரிக் கணக்கு. படத்தின் உயரத்தில் பாதியை 145-உடன் கூட்டுங்கள். படத்தின் பின்னால் இருக்கும் கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, விரலிலிருந்து சட்டத்தின் மேல்விளிம்பு வரை எவ்வளவு என்று அளந்து அதைக் கழியுங்கள். 60 செ.மீ. உயரப் படம், கம்பி மேலிருந்து 8 செ.மீ. கீழே நிற்கிறது என்றால் 145 + 30 − 8 = 167. தரையிலிருந்து 167 செ.மீ. உயரத்தில் கொக்கி. கம்பியை இழுக்காமல் தளர்வாக வைத்து அளந்தால் இரண்டு மூன்று செ.மீ. பிசகிவிடும், அதனால் இழுத்துப் பிடித்தே அளக்க வேண்டும்.

பல படங்களைச் சேர்த்து மாட்டும்போது

முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பெரிய படத்தை நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்து, அதைச் சுற்றி மற்றவற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், இடைவெளி எங்கும் ஒரே மாதிரி 5 செ.மீ., பெரிய படங்கள் என்றால் 7, 8. இடைவெளி ஒன்றாக இருந்தால் படங்களின் அளவும் சட்டங்களும் எப்படி மாறுபட்டாலும் தொகுப்பு ஒன்றாக நிற்கும். கூடினால் சிதறும். பிடித்த அமைப்பு வந்ததும் நாற்காலி மேல் ஏறி கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அடுத்து ஒவ்வொரு படத்தையும் தாளில் வைத்துக் கோடு போட்டு வெட்டி, ஆணி வர வேண்டிய இடத்தைத் தாளிலேயே குறித்து, தாள்களைச் சுவரில் ஒட்டுங்கள். மொத்தத் தொகுப்பையும் ஒரே பெரிய படமாக எண்ணி அதன் மையத்தை 145-இல் நிறுத்துங்கள். திருப்தியானதும் தாளின் மேலேயே துளை போட்டுவிட்டுப் பின்னர் தாளைக் கிழித்து எடுக்கலாம். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போகும். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் சுவரில் தேவையில்லாத துளைகளை எண்ணிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுவரும் துளையும்

விரலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை என்றால் செங்கல் அல்லது கான்கிரீட், பொள்ளென்று கேட்டால் ஜிப்சம் போர்டு அல்லது உள்ளே வெற்றிடம் உள்ள கல். 2 கிலோவுக்குக் குறைந்த சின்னப் படத்துக்கு எஃகு ஆணி போதும், சாய்வாக, தலை மேல்நோக்கி இருக்கும்படி அடியுங்கள். அதற்கு மேல் என்றால் துளை போட்டு பிளக் (ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் குழல்) வைத்து ஸ்குரூ முடுக்குவதுதான் சரி. பூச்சின் தடிமனே 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், ஒரு அங்குல ஆணி அடித்தால் அது பெரும்பாலும் பூச்சைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், செங்கலுக்குள் போதிய அளவு போயிருக்காது. என் வீட்டில் நள்ளிரவில் ஒரு சட்டம் இப்படித்தான் விழுந்தது: ஆணி வளையக்கூட இல்லை, தேங்காய் ஓடு மாதிரி ஒரு பூச்சுச் சில்லை உரித்துக்கொண்டு வந்துவிட்டது.

துளை போடுவதற்கு முன் மின்கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட், சுவர் விளக்கு ஆகியவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கம்பி இருக்க வாய்ப்பு அதிகம், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் இருக்கலாம். அந்தக் கோடுகளில் துளையே வேண்டாம். குளியலறை, சமையலறைச் சுவரின் மறுபக்கம் என்றால் தண்ணீர்க் குழாயையும் யோசியுங்கள். சுவருக்குள் கம்பி தேடும் சின்னக் கருவி கிடைத்தால் வாங்கிவையுங்கள், சந்தேகம் தீரவில்லையென்றால் மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரி டிரில்லரால் போடுங்கள்.

சரி, துளை. குறித்த இடத்தில் மாஸ்க்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அதன்மேல் புள்ளி வையுங்கள், டிரில்லரின் துளையிடும் முனையான பிட் வழுக்காது, பூச்சும் ஓரத்தில் உதிராது. கீழே ஒரு பழைய தபால் உறையைத் திறந்த வாயோடு ஒட்டினால் தூள் அத்தனையும் அதற்குள் விழும். 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. கான்கிரீட் பிட். பிளக்கின் நீளத்தோடு பூச்சின் தடிமனையும் சேர்த்து, பிட்டில் அந்த ஆழத்தில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் சில மில்லிமீட்டர் டிரில்லரின் சுத்தி ஓட்டம் (ஹாமர் மோடு) இல்லாமல் மெதுவாக, பூச்சைத் தாண்டியதும் சுத்தி ஓட்டம். தூளின் நிறத்தைப் பாருங்கள்: சாம்பல் தூள் வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று சிவப்பாக மாறினால் செங்கலுக்குள் நுழைந்துவிட்டீர்கள். சாம்பலாகவே வந்து பிட் நகர மறுத்தால் கான்கிரீட், அல்லது இரும்புக் கம்பியில் முட்டியிருக்கலாம், ஒரு அங்குலம் தள்ளிப் போடுங்கள். துளையிலிருந்து தூளை ஊதி வெளியேற்றிவிட்டு (கண்ணை மூடிக்கொண்டு) பிளக்கைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, பூச்சுக்கு உள்ளே செங்கல் வரை இறக்குங்கள். சுலபமாக உள்ளே போய்ச் சுற்றினால் துளை பெரிதாகிவிட்டது, அடுத்த அளவு பிளக் தேவை. ஸ்குரூவை முழுதும் முடுக்காமல் 5, 6 மி.மீ. வெளியே விடுங்கள், கம்பி அதில்தான் உட்கார வேண்டும்.

ஜிப்சம் போர்டில் இந்த பிளக் நிற்காது, அதற்கென்று பின்னால் விரியும் ஆங்கர் இருக்கிறது, அல்லது போர்டுக்குப் பின்னால் அதைத் தாங்கும் சட்டம் போகும் இடத்தைக் கண்டுபிடித்து அதில் ஸ்குரூ போடுங்கள். வாடகை வீடு, துளை கூடாது என்றால் ஒட்டும் பட்டைகள் உண்டு. சுவரைத் துடைத்துக் காயவைத்து, பட்டையை அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மாட்டுங்கள், உறையில் போட்டிருக்கும் எடையில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டால் கையில் ஒட்டும் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் எதுவும் பிடிக்காது.

கம்பி பற்றி ஒன்று. கம்பி கட்டும் டி வளையங்களை (D வடிவ வளையங்கள்) படச் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கிப் பொருத்துங்கள். கம்பியை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கட்டாதீர்கள், தட்டையாக இழுத்த கம்பியில்தான் இழுவிசை அதிகம். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் படத்தின் எடையளவு விசை தாங்கும், 10 பாகை மட்டும் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 50 செ.மீ.க்கு மேல் அகலமான படத்துக்கு ஒரு கொக்கிக்குப் பதிலாக 15, 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு கொக்கி போடுங்கள், கதவைச் சாத்தும் அதிர்வில் படம் கோணாது. இரண்டும் ஒரே மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கைபேசியிலும் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. தரையையும் கூரையையும் நம்ப வேண்டாம், அவையே பல வீடுகளில் கோணல்.

மாட்டிய பிறகு

சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் சின்ன ரப்பர் அல்லது கார்க் வில்லை ஒட்டுங்கள். படம் நழுவாது, சுவரில் கறை விழாது, முக்கியமாகப் பின்னால் காற்று போகும்.

இரவு விளக்கைப் போட்டு நீங்கள் உட்காரும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடியில் உங்கள் முகமோ விளக்கோ தெரிந்தால் விளக்கின் கோணத்தை மாற்றுங்கள், கூரையிலிருந்து செங்குத்துக்கு 30 பாகை சாய்வாக விழும் வெளிச்சம் பெரும்பாலும் எதிரொளிக்காது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்காட்டல் எண் (CRI) 90க்கு மேலுள்ள எல்இடி விளக்கில் சிவப்பு சிவப்பாகவே தெரியும். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் அளவில்தான் வெளிச்சம் வைக்கின்றன, எண்ணெய் வண்ணத்துக்கு 200. 50 லக்ஸ் என்பது மங்கலான அறை வெளிச்சம். நாம் அவ்வளவு கடுமையாக இருக்க முடியாது, ஆனால் யாரும் இல்லாத அறையில் படத்தின் மேல் விளக்கு எரிய வேண்டாம்.

துடைக்கும்போது திரவத்தை நேராகக் கண்ணாடியில் தெளிக்காதீர்கள், வழிந்து சட்டத்துக்குள் இறங்கி மவுண்ட் அட்டை உறிஞ்சிக்கொள்ளும். துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடி இல்லாத கேன்வாஸுக்குத் துணியே வேண்டாம், மென்மையான காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழே தட்டினால் போதும்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிப் பின்பக்கம் பாருங்கள்: கம்பி துரு, பூஞ்சைப் புள்ளி, பூச்சிக்கூடு, தளர்ந்த வளையம். அப்படியே பின்அட்டையில் பென்சிலால் யார் வரைந்தது, எந்த வருடம், எங்கே கிடைத்தது, கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் எத்தனை செ.மீ. என்று எழுதிவையுங்கள். அடுத்த தடவை வேறு சுவருக்கு மாற்றும்போது அந்தக் கடைசி எண்தான் முதலில் தேவைப்படும்.